முதியோர்க்குரிய இல்லங்கள்

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே, "தாயைக் கொண்டுபோய் வயோதிபர் மடத்தில் விட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்வாராயின், கேட்பவர் மேற்கொண்டு ஒன்றும் வினவுவதில்லை. அக் குடும்பத்தின்மீது தீர்ப்புக் கூறப்பட்டுவிட்டது என்றே கொள்ளப்படும். எந்த மடம், அங்கே எவ்வகைப் பராமரிப்பு நடைபெறுகின்றது, அத் தாய் அங்குச் செல்வதற்கு முன் எந் நிலையில் இருந்தார், விரும்பிச் சென்றாரா, வேண்டாம் என்று அழுதபோது அழைத்துச் செல்லப்பட்டாரா என்னும் வினாக்கள் எழுவதில்லை. முதியோர் இல்லம் என்று பொதுப்பெயரால் வழங்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. ஒன்றிலே மகிழ்ந்து காலங்கழிக்கும் முதியவர் மற்றொன்றிலே சில வாரங்களில் வாடிப்போகக்கூடும். அவ் வேறுபாடுகளை அறியாமல் இல்லங்களை வெறுப்பது தவறு. அறியாமல் அவற்றை நாடுவது அதனினும் பெரிய தவறு.

மடம் என்னும் சொல்லுக்கு முன்னாளில் இந்த இழிவு இருந்ததில்லை. கீரிமலையிலும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் யாத்திரிகர் தங்குவதற்கும் பசியாறுவதற்கும் தருமவான்கள் மடங்களைக் கட்டிவைத்தனர். சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. வீட்டுப் பொறுப்பை மக்களிடம் விட்டுவிட்டுக் கோயிலடியிலே எஞ்சிய நாளைக் கழிக்கும் முதியவரை ஊரார் மதித்தனரேயன்றி இகழவில்லை. வறுமையினாலும் ஆதரவின்மையினாலும் ஒருவர் போய்ச் சேரும் இடம் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. கொழும்பிலே ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கத்தோலிக்கக் கன்னியர் சபையார் 1888ஆம் ஆண்டிலே வந்து ஆதரவற்ற முதியோரை ஏற்றுப் பராமரிக்கத் தொடங்கினர். அவர்களுடைய பணி உயர்ந்தது. ஆயினும், பிள்ளையற்றவரும் பொருளற்றவரும் மாத்திரமே இல்லத்திற்கு உரியவர் என்னும் எண்ணம் நாடு முழுவதிலும் நிலைபெற்றுவிட்டது. இன்று இல்லத்தை நாடுவோரிற் பலர் பிள்ளைகளும் உடையவர், பொருளும் உடையவர் என்பதே காலம் செய்த மாற்றம்.

யாழ்ப்பாணத்துக் குடும்ப முறையிலே முதுமைக்கான ஏற்பாடு பெரும்பாலும் சீதன உறுதிக்குள்ளேயே அடங்கியிருந்தது. பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படும். மருமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். ஆண்மக்கள் தத்தம் மனைவியர் வீடுகளுக்குச் செல்வர். ஆதலின் வயோதிபப் பெற்றோர் இறுதியில் இருப்பது மகளுடைய வீட்டிலேயே. அதிலும் கடைசி மகளுடைய வீட்டிலேயே பலர் இருப்பர். தமிழகத்திலே மருமகளின் கையை எதிர்பார்க்கும் முதுமை, யாழ்ப்பாணத்திலே மருமகனின் முகத்தை எதிர்பார்த்தது. சமைப்பவளும் நோயிற் பார்ப்பவளும் பெற்ற மகளே என்பது இம் முறையின் பெருநன்மை.

எனினும் அந்தக் காலத்திலே எல்லா முதியவரும் இன்புற்றிருந்தனர் என்று கூறுதல் வரலாறாகாது. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1706ஆம் ஆண்டில் தேசாதிபதி சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தேசவழமையைத் தொகுக்க, 1707ஆம் ஆண்டில் அது நிறைவேறியது. தள்ளாமை வந்த பெற்றோர், தம்மைக் காப்பாற்றுவதாக வாக்களிக்கும் மக்களிடம் சொத்தைப் பகிர்ந்துகொடுக்கும் வழக்கத்தை அத் தொகுப்புக் குறிப்பிடுகின்றது. அங்ஙனம் கொடுத்துவிட்ட பெற்றோர் பின்னர் மக்களின் கையைப் பார்த்து இடருறுவதையும் அது மறைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த முறைப்பாடு எழுதப்பட்டுவிட்டதாகையால், பிள்ளைகள் கெட்டுப்போனது இக் காலத்தில்தான் என்று புலம்புவோர் சற்றே நிதானிக்கலாம்.

யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமார் இதற்கு ஒரு காப்பைக் கைக்கொண்டு வந்திருக்கின்றனர். பிள்ளைக்கு வீட்டை நன்கொடையாக எழுதும்போது, தம் வாழ்நாள் முழுவதும் அதில் இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தைப் பெற்றோர் தமக்கென ஒதுக்கிக்கொள்வர். அந்த ஒரு வரி உறுதியில் இருக்குமாயின், வீடு கைமாறினும் முதியவரை வெளியே போகச் சொல்ல ஒருவராலும் இயலாது. அவ் வரியைக் கேட்பது பிள்ளையைச் சந்தேகிப்பதாகும் என்று எண்ணிக் கூச்சப்பட்டு விட்டுவிடும் பெற்றோர் உளர். பிற்பாடு முதியோர் இல்லத்தின் வாசலில் வந்து நிற்போருள் இத்தகையோரையும் காணலாம்.

பிள்ளைகள் பிரிந்து செல்லுதலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் புகைவண்டிப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்க்க யாழ்ப்பாணத்து இளைஞர் ஆயிரக்கணக்கிற் சென்றனர். ஆனால் அவர்கள் திரும்பினர். மலாயாப் பென்சனியர் என்று அழைக்கப்பட்டவர்கள் ஊருக்கு வந்து கல்வீடு கட்டி, மூத்தோருடன் மூத்தோராக இருந்து மறைந்தனர். 1983ஆம் ஆண்டிற்குப் பின் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் நோர்வேக்கும் சென்றோர் அவ்வாறு திரும்பவில்லை. திரும்புவதற்கு ஊரும் நெடுங்காலம் இடங்கொடுக்கவில்லை. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளைவிட்டு அகன்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நடக்கவியலாத முதியோரைச் சிலர் சைக்கிளில் இருத்தித் தள்ளிச் சென்றனர். சிலர் வீட்டிலேயே விட்டுச் சென்றனர். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியும் பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்விலும் இளையோர் மேலும் அப்பாற் செல்ல, முதியோர் மாத்திரம் மீண்டு வந்தனர்.

இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 2012ஆம் ஆண்டில் அது 12 பேருக்கு மேலாயிற்று. யாழ்ப்பாணத்திலே இளையோரின் புறப்பாடும் இதனோடு சேர்ந்துகொண்டதால், ஒரு தெருவில் உள்ள பத்து வீடுகளில் மூன்று நான்கில் முதியவர் ஒருவர் தனித்தோ, கணவனும் மனைவியுமாக இருவரோ வாழும் காட்சி அரிதன்று.

அத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். வெளிநாட்டுக் காசிலே கட்டிய வீடு, மேல்மாடியும் உண்டு. தரையிலே வழுவழுப்பான கல் பதித்திருக்கின்றது. எழுபத்தெட்டு வயதான ஆச்சி கீழே ஓர் அறையிலே படுத்திருக்கிறார். மற்றைய அறைகள் பூட்டியபடி. கூடத்தின் மூலையிலே மகன் பொருத்திய கண்காணிப்புக் கமரா உளது. ரொறன்ரோவிலிருந்து மகன் பார்க்கிறான். இரண்டிடத்துக்கும் ஏறக்குறையப் பத்து மணிநேர வித்தியாசம். ஈரத்தரையில் ஆச்சி வழுக்கி விழுந்தால் அவன் காண்பான். தூக்கிவிட அவனால் இயலாது. அயல்வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவர்களும் முதியவர்களாகவே இருக்கக்கூடும். "அம்மா, தனியே இருக்க வேண்டாம், ஓர் இடம் பார்த்திருக்கிறோம்" என்று மகன் சொன்னால், "நீங்கள் ஆறு பேர் பிறந்த வீடு தம்பி, நான் எங்கும் வரமாட்டேன்" என்பது பதில். இருவர் கூற்றும் நியாயமானதே.

இவ்வாறு ஓர் இடம் பார்க்கப் புறப்படுவோர் முதலில் அறியவேண்டியது, இடங்கள் பலவகை என்பதாகும். குடாநாட்டிலே யாவரும் அறிந்தது கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லம். வட மாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பில் அது நடைபெறுகின்றது. ஆதரவற்ற முதியோருக்கெனவே அமைந்ததாகையால் அங்கே கட்டணம் இல்லை. சேர விரும்புவோர் தம் பகுதிக் கிராம அலுவலரிடம் நிலைமையைக் கூறி, பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் வாயிலாக விண்ணப்பித்தல் வேண்டும். தம்மைப் பேணுவார் இல்லை என்பது விசாரித்து அறியப்பட்ட பின்னரே இடம் கிடைக்கும். வெளிநாட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தும் தனித்திருக்கிறார் என்ற காரணம் ஒன்றே போதியதாகக் கொள்ளப்படுவது அரிது. ஏழைக்கென ஒதுக்கிய கட்டிலை வசதியுள்ளவர் பெறாதிருத்தல் முறையுமாகும்.

அரச இல்லத்தில் முதியோர் பொதுமண்டபங்களிலே வரிசைக் கட்டில்களில் வாழ்வர். மூன்றுவேளை உணவும் உடையும் வைத்திய உதவியும் கிடைக்கும். கைதடியிலேயே சித்த வைத்தியசாலையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்விக்கூடமும் இருத்தல் ஒரு வாய்ப்பு. தனியறையையும் வேண்டியபோது வேண்டிய பண்டத்தையும் எதிர்பார்ப்பவர் அங்கே ஏமாறுவர். ஆனால் பேச்சுத்துணை உண்டு. வருடக்கணக்காகத் தனியறையில் மௌனமாயிருந்தவர் அங்கு வந்து சில நாட்களிலே பழைய வில்லுப்பாட்டையும் கூத்துப்பாட்டையும் பாடத் தொடங்குவதுண்டு.

இரண்டாம் வகை, தருமசபைகளும் சமயநிறுவனங்களும் நடத்தும் இல்லங்கள். ஆறு திருமுருகன் அவர்களின் தலைமையிலுள்ள சிவபூமி அறக்கட்டளை சுதுமலையில் நடத்தும் இல்லத்தை உதாரணமாகக் காட்டலாம். இத்தகைய இல்லங்கள் நன்கொடையினால் இயங்குவன. காலை வழிபாடு, திருமுறை ஓதல், விரத நாட்கள் என்ற ஒழுங்கு அங்கே நாளைப் பகுத்துக் கொடுக்கும். சமயப் பற்றுடைய முதியவருக்கு அது வீட்டை நிகர்த்த ஆறுதல். அந்த ஒழுங்கிலே மனம் ஒட்டாதவருக்கோ, வேறு சமயத்தவருக்கோ சேருமுன் ஒருமுறை சென்று தங்கிப்பார்த்தல் நலம்.

நன்கொடை பற்றி ஒரு சொல். பெற்றோரின் ஆண்டுத் திவசத்தன்றும் பிள்ளையின் பிறந்தநாளன்றும் முதியோர் இல்லத்திற்கு உணவு கொடுக்கும் வழக்கம் குடாநாட்டிற் பரவியிருக்கின்றது. நல்ல வழக்கமே. ஆனால் நீரிழிவுள்ளோர் பலர் இருக்கும் பந்தியிலே பாயசத்தையும் மோதகத்தையும் நிறைத்து வைத்துவிட்டு, அவர்கள் உண்ணுவதைப் படம்பிடித்து உலகெங்கும் அனுப்புவது எவ்வகைத் தருமம் என்று விளங்கவில்லை. அவ் வில்லத்துக்கு அன்று வேண்டியிருந்தது ஒருவேளை நான்கு படுக்கைவிரிப்பும் இரண்டு சக்கரநாற்காலியுமாக இருக்கலாம். கொடுக்குமுன் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மூன்றாம் வகை, மாதக் கட்டணம் பெற்று நடத்தப்படுவன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப, தனியறையோ இருவர் அறையோ பெற்று முதியோர் வாழும் இத்தகைய விடுதிகள் அண்மைக்காலத்திற் பெருகி வருகின்றன. தமிழகத்திலே கோயம்புத்தூரைச் சூழ, ஓய்வுபெற்றோர் தமக்கென வீடுகளை வாங்கிக்கொண்டு, சமையலும் வைத்தியமும் பொதுவாய்க் கிடைக்க வாழும் குடியிருப்புகள் பல எழுந்திருக்கின்றன. அங்கே செல்வோர் பெரும்பாலும் நல்ல தேகநிலையிலேயே, தாமே தீர்மானித்துச் செல்கின்றனர். யாழ்ப்பாணத்திலோ கட்டண இல்லத்திற்கு வருவோரிற் பலர் விழுந்து எலும்பு முறிந்த பின்னரும், நோய் முற்றிய பின்னரும் வருவோர். ஆதலின் கட்டண இல்லத்தின் கட்டடம் எவ்வளவு அழகியது என்பது இரண்டாவது கேள்வி. வருபவர் நாளை எழுந்து நடக்கவியலாது போனால் அவரை அங்கே வைத்துப் பார்ப்பார்களா, அன்றி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பதே முதற் கேள்வி. தன் வேலையைத் தானே செய்யக்கூடியவரை மாத்திரம் ஏற்கும் இல்லங்கள் பல. அந் நிபந்தனையை முற்பணம் கட்டிய பின்னர் அறிந்துகொள்ளும் குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன.

இங்கேதான் தங்குமிடம் வேறு, தாதிப் பராமரிப்பு வேறு என்ற வேறுபாடு புலனாகும். பிரித்தானியாவிலே பழைய வறியோர் சட்டத்தை நீக்கிய 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், முதியோருக்குத் தங்குமிடம் கொடுக்கும் பொறுப்பை உள்ளூர்ச் சபைகளிடம் ஒப்படைத்தது. அந் நாட்டிலே, குளிக்கவும் உடுக்கவும் உதவிபெற்று வாழும் இல்லம் ஒன்று. பயிற்சிபெற்ற தாதி இரவும் பகலும் நிற்கும் இல்லம் மற்றொன்று என்று இரண்டும் பிரிந்து வளர்ந்தன. குடாநாட்டிலே இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால், முன்னதைப் பின்னதென்று நம்பிச் சேர்த்துவிடுகின்றனர்.

படுக்கையில் கிடப்பவருக்குச் செய்யும் பணி எத்தகையது என்பதை அறிந்தால் இவ் வேறுபாடு விளங்கும். தாமாகப் புரள இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும், இரவிலும் அவ்வாறே. தவறினால் இடுப்பிலும் குதிக்காலிலும் முதலிற் சிவந்து, பின்னர் தோல் உரிந்து, படுக்கைப்புண் உண்டாகும். அது வந்தபின் ஆற்றுதல் மிகக் கடினம். விழுங்கும் வலி குன்றியவருக்கு நிமிர்த்தி இருத்தியே உணவூட்ட வேண்டும். படுத்தபடி ஊட்டினால் உணவு சுவாசக்குழாயிற் சென்று நெஞ்சில் நோயை உண்டாக்கும். நீர் போதாமல், சிறுநீரில் தொற்று ஏற்பட்டு, முதியவர் திடீரென்று பிதற்றத் தொடங்குவதுண்டு. அறியாதார் அதைப் பைத்தியம் என்பர். இவற்றையெல்லாம் ஒரு சமையற்காரியும் ஒரு காவற்காரரும் உள்ள இல்லம் செய்யவியலாது. எவ்வளவு அன்பிருந்தும் இயலாது. ஆகவே இல்லத்தைப் பார்க்கச் செல்வோர், இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் யார், அவர் எத்தனை பேருக்குப் பொறுப்பாளர் என்று கேட்க வேண்டும். இக் கேள்விக்கு நேரான விடை தரும் இல்லத்தை நம்பலாம்.

மறதிநோய் பிறிதொரு வகையான துன்பம். உடல் திடமாயிருக்க நினைவு மாத்திரம் தேய்ந்து போகும். காலையில் உண்டதை மறந்தவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துக்கு இறைத்த துலாவின் அளவை மறக்கமாட்டார். மாலை மங்கும் வேளையிலே மனக்கலக்கம் மிகும். "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று, தம் வீட்டிலேயே இருந்துகொண்டு எழுந்து புறப்படுவார். அவரைப் பூட்டி வைத்தல் எளிய வழி. பலரும் அதனையே செய்கின்றனர். நெதர்லாந்திலே வேஸ்ப் என்னும் ஊரில் ஹோகவேக் என்ற பெயரால், மறதிநோயாளர் கடைக்கும் பூங்காவுக்கும் அச்சமின்றி உலவிவரத்தக்க ஒரு சிறு கிராமத்தையே சுற்றுமதிலுக்குள் அமைத்திருக்கின்றனர். அதற்குப் பெரும்பணம் வேண்டும். ஆயினும் அதன் உட்கருத்து யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாததன்று. சுற்றுமதிலும், கிணற்றுக்கு மூடியும், நடப்பதற்கு மரநிழலும் உள்ள ஒரு பெரிய வளவு இங்கே அரிதன்று. பழக்கமான ஒருவர் கூடவே நடந்து, ஒரு சுற்றுச் சுற்றி, "இதோ வீடு வந்துவிட்டது" என்று அழைத்து வந்தால் அவர் அமைதியடைவார். அதற்குப் பொறுமையுள்ள ஆள் வேண்டும். ஆள் கிடைப்பதுதான் அரிது.

வீட்டைவிட்டு அகலாமலே உதவிபெறும் வழிகளும் உள. ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் அமைந்திருக்கின்றன. பகற்பொழுதில் முதியோர் கூடியிருந்து, பத்திரிகை படித்து, உணவருந்தி, மாலையில் வீடு திரும்பும் பகல் நிலையங்களும் சில இடங்களில் நடைபெறுகின்றன. தனித்த முதியவருக்கு மிக வேண்டியது இத்தகைய நிலையமே. 1986ஆம் ஆண்டில் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா என்னும் நிறுவனம் வீட்டிலே முதியோரைப் பராமரிப்போருக்குப் பயிற்சி கொடுத்து வருகின்றது. கேரளத்திலே கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் வைத்தியர் சிலர் தொடங்கிய நோவு தணிப்புப் பணி, பின்னர் அயலவர் பணியாக விரிந்தது. வாரத்தில் சில மணிநேரம் கொடுக்க முன்வந்த சாதாரண மக்களே பயிற்சிபெற்று, படுக்கையில் உள்ளோரின் வீடுகளுக்குத் தாதியுடன் சென்று வருகின்றனர். சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் கோயிற்சபையும் ஊருக்கு ஊர் இருக்கும் யாழ்ப்பாணத்திலே இது நடவாத காரியமன்று. தேருக்கு வடம் பிடிக்க வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருகின்றது. தெருவிலுள்ள ஒரு முதியவரை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒழுங்கு செய்யும் சபைகள் எத்தனை?

சம்பளத்துக்கு வீட்டில் ஆள் வைத்தல் இப்போது பெருவழக்கு. வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து முதியோருடன் தங்கி வேலைசெய்யும் பெண்கள் பலர். அவர்களுக்கு ஓய்வுநாள் உண்டா, இரவில் உறங்க விடுகின்றனரா என்று கேட்பவர் சிலரே. நித்திரையற்ற ஒருத்தியின் கையில் தாயை ஒப்படைத்துவிட்டு, அவள் சினக்கிறாள் என்று முறையிடுதல் நீதியன்று.

சட்டமும் இதிலே ஒன்று சொல்லியிருக்கின்றது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அறுபது வயது நிறைந்தோர் முதியோராவர். பிள்ளைகள் வேண்டுமென்று பெற்றோரைக் கைவிடலாகாது. தம்மைத் தாமே பேணவியலாத பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி, அச் சட்டத்தின்கீழ் அமைந்த சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளையற்றோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் இடங்கொடுத்தல் அரசின் கடமை. முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே எந்த இல்லத்திலும் பதிவுப் பத்திரத்தைக் காட்டுமாறு கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளைமீது முறையிடப் பெற்றோர் முன்வருவது அரிது என்பது வேறு கதை. பசியோடிருந்தும், "என் மகன் நல்லவன், அவனுக்கு அங்கே கஷ்டம்" என்று சொல்லும் தாயின் வாயிலிருந்து எந்தச் சட்டமும் முறைப்பாட்டைப் பெற்றுவிடாது.

இல்லத்தைப் பார்க்கச் செல்வோர் முன்னறிவித்துச் செல்வதிலும், அறிவியாமல் மாலைவேளையிற் செல்வது மேல். வரவேற்பறையைப் பார்ப்பதிலும் குளியலறையைப் பார்ப்பது மேல். சுவரிலே பிடித்தெழும்பக் கைப்பிடி உண்டா, தரை சொரசொரப்பானதா, மலசலகூடம் கட்டிலிலிருந்து எத்தனை அடி தூரம் என்பன முக்கியம். பல்லில்லாதவருக்குப் புட்டைச் சொதியில் ஊறவைத்துக் கொடுக்கின்றனரா, எல்லோருக்கும் ஒரே கட்டிப் புட்டா? கண்ணாடியும் செவிக்கருவியும் முதியோரின் முகத்தில் உள்ளனவா, அன்றி அலுமாரியில் உறங்குகின்றனவா? பணியாளர் அவர்களை எப்படி விளிக்கின்றனர்? "ஐயா, அம்மா, ஆச்சி" என்று கேட்டால் நிம்மதி. "அந்தக் கட்டில்காரி" என்று காதில் விழுந்தால் அங்கிருந்து வெளியேறிவிடலாம்.

பேசத் தயங்கும் ஒரு விடயமும் உளது. ஒரே கிணறு, ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்னும் வாழ்வுக்கு வாழ்நாள் முழுவதும் பழகாத முதியோர் யாழ்ப்பாணத்தில் உளர். சாதி பார்த்து உண்டு வளர்ந்தவர், யார் சமைத்தது என்று கேட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பதும், பணியாளரைப் புண்படப் பேசுவதும் நிகழ்கின்றன. இதற்கு இணங்கித் தனிப்பந்தி வைக்கும் இல்லம் இல்லமாகாது. ஒரே மண்டபத்தில் நோயுற்றுக் கிடக்கும்போது, இராவிலே தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர், எந்தப் பகுதி என்று எவரும் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இல்லத்துக்குச் செல்வதா, வீட்டிலிருப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் முதியவரே. அது அவர் நினைவு தெளிவாயிருக்கும் காலத்தில் நடைபெறல் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, விமானத்துக்கு நேரமாகின்றது என்ற அவசரத்திலே பிள்ளைகள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிழைக்கின்றது. ஒரு மாதம் தங்கிப் பார்த்து, பிடியாவிடில் திரும்புவதற்கு வீட்டுத் திறப்பு அவர் கையிலேயே இருக்குமாயின், செல்லும் மனமும் இலகுவாகும். வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ அதன் பின் இல்லத்தில் சேர்ப்பது, கதவைச் சாத்திவிட்டுச் செல்வதைப் போன்றது. கூடவே எதைக் கொண்டுசெல்வது என்பதையும் அவரே தெரியட்டும்: வெற்றிலைத் தட்டம், சுவாமிப்படம், இறந்த கணவரின் கைத்தடி, பழைய சாய்மனைக் கதிரை. இடமில்லை என்று இல்லத்தார் மறுக்குமுன் ஒரு மூலையை ஒதுக்கித்தரக் கேட்கலாம்.

இன்னொன்று எஞ்சியிருக்கின்றது. கொள்ளி வைப்பவர் யார் என்னும் கேள்வி முதியோர் பலரின் மனத்தை இரவிலே அரிப்பது. இல்லத்திற் சேரும் நாளிலேயே, யாருக்கு அறிவிப்பது, எந்த ஊர் மயானத்துக்குக் கொண்டுசெல்வது, எந்தச் சமய முறைப்படி கிரியை செய்வது, வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை காத்திருப்பதா என்பவற்றைப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிட்டு வைக்கும் ஒழுங்கு எல்லா இல்லங்களிலும் வருதல் வேண்டும். பிள்ளைகள் இதைக் கேட்க அஞ்சுவர். முதியோரிடம் கேட்டால் தயங்காமல் விடை வரும். சிலர் பெறாமகன் ஒருவனின் பெயரைச் சொல்வர். சிலர், ஐஸிலே வைத்துக்கொண்டு ஒருவருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், பிள்ளை வந்தால் காடாற்றுக்கு வரட்டும் என்பர்.